கொடுத்தலும் கொள்ளலும்: இடம்பெயர்ந்த பங்கின் பாஸ்காக் காலம் எழுப்பும் ஓர் அறவினா

ஈகையைப் பற்றிய அறநூற் சிந்தனைகள் பெரும்பாலும் கொடுப்போனை நோக்கியே எழுந்தவை. எவ்வளவு கொடுத்தல் வேண்டும், யாருக்குக் கொடுத்தல் வேண்டும், எந்நோக்குடன் கொடுத்தல் வேண்டும் என்பனவே அவை எழுப்பும் வினாக்கள். கொள்வோன் அச்சிந்தனைகளின் ஓரத்தே நிற்கின்றான். அவனுடைய வறுமை, கொடுப்போனின் அறம் வெளிப்படுவதற்கு வாய்த்த ஒரு சந்தர்ப்பமாகவே பெரிதும் கருதப்படுகின்றது. திருக்குறள் இவ்வகையில் ஒரு விதிவிலக்கு எனலாம். ஒப்புரவறிதலையும் ஈகையையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக வைத்த அந்நூல், இரவு, இரவச்சம் என வேறு இரண்டு அதிகாரங்களை இரப்போனின் நிலைபற்றி ஆராய்வதற்கென ஒதுக்கியுள்ளது. ஆயினும் ஒரு வினா எஞ்சியே நிற்கின்றது. பிறர் கையை எதிர்பார்த்து வாழும் நிலைக்குத் தள்ளப்பட்ட ஒருவன், அந்நிலையில் இருந்துகொண்டே ஈகையாளனாதல் கூடுமா? கூடுமாயின், அவனுக்கு உதவ முன்வருவோரின் கடமை எவ்வாறு மாறுபடும்?

இவ்வினா வெறும் தருக்கப் பயிற்சியன்று. வன்னிப் பெருநிலப்பரப்பின் கத்தோலிக்கப் பங்குகள் கடந்த அரை நூற்றாண்டில் இதனைப் பல தவக்காலங்களிலும் பாஸ்காக் காலங்களிலும் நேருக்கு நேர் எதிர்கொண்டுள்ளன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் யாழ்ப்பாண மறைமாவட்டத்தையும், வவுனியா மாவட்டம் 1981இல் நிறுவப்பட்ட மன்னார் மறைமாவட்டத்தையும் சேர்ந்தவை. இப்பரப்பிலுள்ள பங்குகள் பலவற்றின் வரலாறு, வெவ்வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்த மக்களின் வரலாறாகும். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின்னர் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்கு வந்தன. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் எஸ். இராஜசுந்தரமும் முன்னின்று நடத்திய காந்தீயம் இயக்கம் அவர்களுட் பலருக்குக் குடியிருப்பும் தொழிலும் அமைத்துக் கொடுக்க உழைத்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஊரைவிட்டு வெளியேறியபோது, அவர்களுட் பலர் பின்னர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னியை அடைந்தனர். 1996 ஏப்ரல் 7ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு வந்தது. அதன்பின் பன்னிரண்டு நாட்களில் தென்மராட்சியை நோக்கித் தொடங்கிய படைநடவடிக்கை மேலும் பலரை வன்னிக்குத் தள்ளியது. அவ்வாண்டின் பிற்பகுதியிற் கிளிநொச்சி நகரமே இடம்பெயர நேர்ந்தது. 1997 மார்ச் 30ஆம் திகதி, அக்கராயன், மல்லாவி, புதுக்குடியிருப்பு முதலிய இடங்களில் உயிர்ப்புப் பெருவிழாவுக்குக் கூடியோருள் வீட்டார் யார், விருந்தினர் யார் எனப் பிரித்தறிதல் அரிதாயிருந்தது. முன்னைய ஆண்டில் இடங்கொடுத்தோர் பின்னைய ஆண்டில் இடங்கேட்டு நின்றனர்.

இந்நிலை வன்னிக்குப் புதியதன்று. மன்னார் மாவட்டத்துக்குரியதாயினும் வன்னிக் காட்டின் நடுவே அமைந்த மடுத் திருத்தலத்தின் தோற்றமே ஓர் இடப்பெயர்வாகும். 1670ஆம் ஆண்டளவில், ஒல்லாந்தரின் ஒடுக்குமுறைக்கு அஞ்சிய ஏறத்தாழ இருபது குடும்பங்கள் மாந்தையிலிருந்து மாதாவின் திருவுருவத்தைச் சுமந்துகொண்டு காட்டினுள் புகுந்தன என்பது திருச்சபை மரபு. 1990களில் ஆயிரக்கணக்கானோர் அத்தலத்தில் அடைக்கலம் புகுந்தனர். 1999 நவம்பரில், அடைக்கலம் புகுந்த இடத்திலேயே முப்பதுக்கு மேற்பட்டோர் எறிகணைக்கு இரையாகினர். 2008 ஏப்ரலில், அடைக்கலம் அளித்து வந்த திருவுருவமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது.

இவ்விடத்துச் சொற்களின் வரலாறும் நோக்கற்பாலது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் ஆலயச் சமூகத்தைக் குறிக்கும் சொல், 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அயலிடத்தில் அந்நியராய்க் குடியிருத்தல் என்பது அச்சொல்லின் பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் அதே சமூகத்தைப் 'பங்கு' என வழங்குகின்றனர். கிரேக்கச் சொல் அம்மக்கள் யார் என்பதைக் கூறுகின்றது. தமிழ்ச் சொல்லோ அவர்கள் செய்யவேண்டியது யாது என்பதை நினைவூட்டுகின்றது. இடம்பெயர்ந்தோரின் பங்கில் இவ்விரு பொருள்களும் ஒருங்கே மெய்யாகின்றன.

தவக்காலம் கொடுத்தலைக் கற்பிக்கும் காலம். விபூதிப் புதன் தொடங்கி நோன்பும் செபமும் தருமமும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு வருகின்றன. சிலுவைப்பாதையும், யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கமும், பெரிய வெள்ளிக் கஞ்சியும் இம்மக்களின் வாழ்வோடு ஒன்றியவை. நோன்பினால் மிஞ்சியதை ஏழைக்குக் கொடுத்தல் என்பது இக்காலத்தின் பொருளாதாரம். உண்ணாது விட்ட ஒருவேளை உணவின் விலை உண்டியலிற் சேர்கின்றது. உலையிலிடுமுன் ஒதுக்கிய பிடியரிசி ஆலயத்திற் சேர்கின்றது. ஆயின் இப்பொருளாதாரம் ஒன்றை முற்கோளாகக் கொண்டுள்ளது. நோன்பிருப்போனிடம் உண்பதற்கு உணவு இருந்தது என்பதே அது. உணவற்றோனின் பசி நோன்பாகாது. அதிலிருந்து மிஞ்சுவதும் எதுவுமில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்து நோக்கலாம். கூரைவிரிப்பின் கீழே மூன்று பிள்ளைகளுடன் வாழும் இடம்பெயர்ந்த தாயொருத்தி, சங்கக்கடையில் வாரத்துக்கு அளந்து கொடுக்கும் நிவாரண அரிசியைப் பெற்று வருகின்றாள். தவக்காலத்துப் பிடியரிசி சேர்க்க வரும் இளைஞர், அவளது கொட்டிலைக் கடந்து அடுத்த வீட்டுக்குச் செல்கின்றனர். அவளிடம் கேட்பது கொடுமை என அவர்கள் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் இரக்கத்தினின்றும் பிறந்ததே. எனினும், அவர்கள் கடந்து செல்லும்போது அவள் மனம் நோகுமாயின், அந்நோவுக்கு நியாயம் உண்டா? உண்டு என்பதே இக்கட்டுரையின் துணிபு. நோன்பிலிருந்து இயலாதோரை விலக்கும் திருச்சபைச் சட்டம் அவர்களின் உடலைக் காக்கின்றது. கொடுத்தலிலிருந்து விலக்குதல் அத்தகையதன்று. ஒருவரிடம் இனிமேல் எவரும் எதனையும் எதிர்பார்ப்பதில்லை என அறிவித்தல், அறச் சமூகத்தின் உறுப்புரிமையினின்றும் அவரை நீக்குதற்கு ஒப்பாகும். அவள் சேலையையும் வீட்டையும் இழந்தவள். 'எங்கள் வீட்டிலும் வந்து கேட்டார்கள்' என்று சொல்லும் தகுதியையும் இப்போது இழக்கின்றாள்.

பொருளற்றவனால் ஈகை இயலாது என்னும் கருத்தினை மெய்யியல் வரலாறு முழுமையாக ஏற்கவில்லை. வள்ளன்மை கொடையின் அளவிலன்றிக் கொடுப்போனின் மனப்பாங்கிலேயே தங்கியுள்ளது என்றும், சிறிதிலிருந்து கொடுப்போன் பெரிதிலிருந்து கொடுப்போனைவிட மேம்பட்டவனாதல் கூடும் என்றும் அரிஸ்ரோட்டில் தமது அறவியல் நூலிற் கூறினார். ஆயினும், பெருஞ்செலவிற் பொதுப்பணி ஆற்றும் பெருந்தகைமை வறியோனுக்கு வாய்க்காது என்றும் அவர் கருதினார். ஆலயக் காணிக்கைப் பெட்டியில் இரு சிறு காசுகளையிட்ட கைம்பெண்ணைப் பற்றிய நற்செய்தி நிகழ்ச்சி இவ்வெல்லையைத் தகர்க்கின்றது. அங்கே அவளின் கொடை பிறர் கொடையோடு ஒப்பிடப்பட்டு, எல்லாவற்றிலும் பெரியதென மதிக்கப்படுகின்றது.

இதற்கு வலுவான மறுப்பொன்று உண்டு. இடம்பெயர்ந்தோருக்கு வேண்டியது தருமமன்று, நீதியே என்பது அம்மறுப்பு. 1990 முதல் வன்னிக்கு மருந்து, எரிபொருள், கட்டடப் பொருட்கள் முதலியன செல்வதற்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்தது. தடையினால் உண்டான இல்லாமையைத் தருமத்தால் நிரப்பிவிட்டு, அதன் காரணத்தை மறந்திருத்தல் அறமாகுமா? புனித தோமஸ் அக்குவைனாஸ், ஒருவரிடம் மிகுதியாயுள்ள பொருள் இயற்கைச் சட்டத்தின்படி வறியோருக்கு உரியது என்றும், மிகக் கடுந்தேவையிற் பிறர் பொருளை எடுத்தல் களவாகாது என்றும் வாதித்தார். இம்மானுவெல் கான்ற் ஒரு படி மேலே சென்று, செல்வன் ஒருவன் உதவக்கூடிய நிலையில் இருப்பதே பெரும்பாலும் சமூக அநீதியின் விளைவாயிருத்தலால், அவன் செய்யும் உதவியை ஈகை என அழைத்தல் தகுமா என வினவினார். இம்மறுப்பு மறுக்கற்பாலதன்று. சங்கக்கடை அரிசி அத்தாயின் உரிமை. அதனைத் தருமமென எண்ணி அவள் தலைகுனிய வேண்டியதில்லை.

ஆயினும் நீதி நிறைவேறிய பின்னரும் ஒரு தேவை எஞ்சுகின்றது. பங்கீட்டு அட்டை ஒருவருக்கு உரியதை அளந்து கொடுக்கும். அளப்போனும் பெறுவோனும் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் அதற்கு வேண்டியதில்லை. பெறுவோனிடம் அது எதனையும் திருப்பிக் கேட்பதுமில்லை. அதன் சிறப்பும் அதுவே, குறையும் அதுவே. பங்கீட்டினால் உயிர் காக்கப்படும். ஒருவர் மற்றவருக்கு வேண்டப்பட்டவர் என்னும் உணர்வை அது தராது. அவ்வுணர்வு, கொடுத்தலும் கொள்ளலும் கைமாறும் உறவிலேயே பிறக்கின்றது. மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், பல்வேறு சமூகங்களிற் கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடமைகளாக விளங்குவதைக் காட்டினார். திருப்பிக் கொடுக்க வழியின்றிப் பெறுபவன் பெறுந்தோறும் தாழ்கின்றான் என்பது அவ்வாய்வினின்றும் பெறப்படும் உண்மை.

கொள்ளுதலும் ஒரு பண்பு என்பதைப் பெரிய வியாழன் சடங்கு உணர்த்துகின்றது. பாதங்களைக் கழுவும் அச்சடங்கில், கழுவும் குருவானவரின் தாழ்மையையே பலரும் வியக்கின்றனர். நற்செய்தி நிகழ்ச்சியிலோ இடர்ப்படுபவர் பேதுரு. தம் பாதங்களைக் கழுவ விடுவதற்கு அவர் முதலில் இசையவில்லை. கொடுத்துப் பழகியோருக்கும் தன்மானம் மிக்கோருக்கும் கொள்ளுதலே கடினமானது. 2016 மார்ச் 24ஆம் திகதி பெரிய வியாழனன்று, திருத்தந்தை பிரான்சிஸ் உரோமைக்கு அருகிலுள்ள ஏதிலிகள் நிலையமொன்றில் இசுலாமியர், இந்து ஒருவர் உள்ளிட்ட ஏதிலிகளின் பாதங்களைக் கழுவியபோது, உலகம் அவரது பணிவைப் போற்றியது. தம் சமயத்தவர் அல்லாத முதியவர் ஒருவர் முழந்தாளில் நிற்கத் தம் பாதத்தை நீட்டிய அவ்வேதிலிகளின் துணிவும் அதற்குக் குறைந்ததன்று.

கொள்வோனே கொடுப்போனாக மாறும் நிகழ்ச்சியும் பாஸ்காக் காலத்துக்கே உரியது. உயிர்ப்பு நாளன்று எம்மாவு செல்லும் வழியிற் சீடர் இருவர் அறிமுகமில்லா வழிப்போக்கர் ஒருவரைச் சந்திக்கின்றனர். பொழுது சாய்ந்தமையால் தம்மோடு தங்குமாறு வருந்தி அழைக்கின்றனர். பந்தியில் அமர்ந்ததும் விருந்தினராய் வந்தவரே அப்பத்தை எடுத்துப் பிட்டு அவர்களுக்கு அளிக்கின்றார். அக்கணத்திலேயே அவர் யாரென அவர்கள் அறிந்துகொள்கின்றனர். வழிப்போக்கர் வெறும் விருந்தினராகவே இருந்து உண்டு சென்றிருப்பின், அவர் யாரென்பதை அவ்வீடு அறிந்திராது. அவருக்குக் கொடுக்க இடம் அளித்தமையாலேயே அவர் அறியப்பட்டார். ஈழத்துத் திருச்சபையின் வரலாற்றிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. 1687இல் கோவாவிலிருந்து வந்த புனித யோசேப்வாஸ் அடிகளார், ஒல்லாந்தரின் கண்காணிப்புக்குத் தப்பி, பிச்சைக்காரனாக வீடுதோறும் சென்றே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டடைந்தார். கொடுக்க வந்தவர் கொள்வோனின் கோலத்தில் வந்தார். அவருக்கு 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்பிற் புனிதர் பட்டம் வழங்கிய திருத்தந்தை, அன்றே மடுவுக்குச் சென்றமை பொருத்தமானதே.

வன்னியின் அண்மைக்கால வரலாற்றில் இவ்வுண்மை மிகக் கொடிய சோதனைக்கு உட்பட்டது. 2009 ஏப்ரல் 12ஆம் திகதி உயிர்த்த ஞாயிறு வந்தபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் முல்லைத்தீவுக் கரையோரத்தில், மாத்தளன் முதல் முள்ளிவாய்க்கால் வரையான ஒடுங்கிய நிலத்தில் அடைபட்டிருந்தனர். குருக்களும் கன்னியரும் சிலர் வெளியேறாது அவர்களோடு தங்கியிருந்தனர். அங்கே பலருக்குக் கிடைத்தது அரிசியும் நீரும் உப்பும் சேர்ந்த கஞ்சி. அக்கஞ்சிக்கு வரிசையில் நின்றபடி உயிரிழந்தோரும் உளர். எஞ்சியோருட் பெரும்பாலோர் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாம்களில் முட்கம்பி வேலிக்குள் வைக்கப்பட்டனர். 2010 ஏப்ரல் 4ஆம் திகதி உயிர்ப்பு விழாவையும் பல்லாயிரவர் அம்முகாம்களிலேயே கழித்தனர். 2012 செப்டெம்பரிலேயே அவை முற்றாக மூடப்பட்டன.

அம்மக்கள் தம் நினைவை எவ்வாறு காக்கின்றனர் என்பது மனங்கொளத்தக்கது. ஆண்டுதோறும் மே மாதத்தில் உப்புக் கஞ்சி காய்ச்சித் தெருவோரத்திலும் கோயில் முன்றலிலும் வருவோர் போவோருக்கெல்லாம் வழங்குகின்றனர். அன்று வாங்கிக் குடித்த கஞ்சியை இன்று அவர்களே வார்க்கின்றனர். துயரத்தை நினைவுகூர வேறு வழிகள் பல இருந்தும், பெற்றதைக் கொடுத்தலையே அவர்கள் தேர்ந்துள்ளனர். அவ்வகப்பையைப் பிடிக்கும் கைக்கு எவரும் இரங்க வேண்டியதில்லை.

பாஸ்கா இரவிற் பாஸ்காத் திரியினின்றும் ஏற்றப்பட்ட சுடர் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செல்கின்றது. பெற்றவர் மறுகணமே கொடுப்பவராகின்றார். அழகிய உவமை இது. எனினும் இதனை அளவுக்கு மேல் நீட்டலாகாது. சுடர் பகிர்வதாற் குறைவதில்லை. சோறு பகிர்ந்தாற் குறையும். வறியோரின் கொடையைப் போற்றுதல், அவர்களது வறுமையைப் போற்றுதலாக மாறிவிடக் கூடாது. இல்லாதவரே தாராளமாகக் கொடுக்கின்றனர் எனப் புகழ்ந்துகொண்டு, உள்ளவர் தம் கடமையினின்றும் நழுவுதல் பழைய தந்திரம். அத்தாயிடம் பிடியரிசி கேட்பதற்கு உரிமை பெற்றவர், அவளது பங்கீடு குறைந்தபோது அவளுக்காக வாதாடியவர் மட்டுமே. நீதியைக் கோராதவன் வாய் ஒப்புரவைப் பேசுதற்குத் தகுதியற்றது.

இன்று இவ்வினா வேறொரு வடிவில் எழுந்துள்ளது. வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் புலம்பெயர்ந்த கத்தோலிக்கர் ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ், கனடா முதலிய நாடுகளிற் புதிய ஆன்மீகப் பணியகங்களை அமைத்துள்ளனர். ஜேர்மனியின் கேவலார் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ற் மாதத்திற் செல்லும் தமிழ் யாத்திரிகருள் இந்துக்களும் உளர். அவர்களும் 'பரோய்க்கியா' என்னும் சொல்லின் முழுப் பொருளில் அந்நியராய்க் குடியிருப்போர். அவர்களது தவக்கால உண்டியல் வன்னிப் பங்குகளுக்கு வருகின்றது. ஆலயக் கூரையாகவும் பிள்ளைகளின் கல்விச் செலவாகவும் மாறுகின்றது. ஒருகாலத்தில் நிவாரண வரிசையில் நின்றோரே அனுப்புவோருள் பலர். அவ்வகையில் இது கடன் தீர்த்தலும் ஆகும். ஆயின் ஊர்ச் சுவரிற் பதித்த பெயர்ப் பலகையும், உலர் உணவுப் பொதியைக் கையேந்தி வாங்கும் கைம்பெண்ணின் நிழற்படமும் அதனோடு சேர்ந்து வரும்போது, கொடை பெறுவோரின் முகத்தைக் கொடுப்போரின் விளம்பரமாக்கிவிடுகின்றது. உதவி பெறுவோன் தாழ்வுணராவண்ணம் உதவுதல் உதவியின் ஒரு பகுதியே எனக் கான்ற் வற்புறுத்தியது இங்கு நினைக்கத்தக்கது.

ஆதலின், ஒரு கொடையை மதிப்பிடுவதற்கு அதன் தொகையும் கொடுப்போனின் நோக்கமும் மட்டும் போதா. பெற்ற பின்னர் பெற்றவர் கொடுக்கக்கூடியவராய் இருக்கின்றாரா என்னும் மூன்றாம் அளவுகோலும் வேண்டும். விதைநெல்லும் தையல் இயந்திரமும் மீன்பிடி வலையும் இவ்வளவுகோலில் உயர்ந்து நிற்பதற்குக் காரணம், அவை பெறுவோனை நாளை இன்னொருவருக்குக் கொடுக்க வல்லவனாக்குதலே. உணவுப் பொதியும் இதில் தேறலாம். அதனை யாருக்கு முதலிற் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவர்களாகப் பெறுவோரே இருந்தால், அவர்கள் கொடுத்த தேநீரை வந்தவர் அமர்ந்து அருந்தினால், அப்பொதியும் உறவாகும்.

பல்கலைக்கழகத்தினின்றும் நிவாரணப் பொதிகளோடு இடருற்ற ஊர்களுக்குச் செல்லும் மாணவர்க்கு இது நேரடியாகப் பொருந்தும். பொதிகளை இறக்கிவிட்டு, பிறருக்குச் சுமையாகக் கூடாதென்று தண்ணீரும் அருந்தாது திரும்புதலைச் சிலர் பண்பாகக் கருதுவர். அது பண்பின் ஒரு பாதியே. தென்னோலைக் கொட்டிலின் வாசலில் ஒரு முதியவள் செம்பில் நீர் கொண்டுவந்து நீட்டும்போது, அதனை இரு கைகளாலும் வாங்கி அருந்துதல் மறுபாதியாகும். அவள் கொடுத்ததை வாங்கியவரிடம்தான், தனக்குக் கொடுக்கப்படுவதை அவள் தலைநிமிர்ந்து வாங்குவாள்.